மூன்று முறை விழுந்த கத்தரிக்கோல்

லூகோவ் அரண்மனை,
உலகம் படைக்கப்பட்டதிலிருந்து 7010ஆம் ஆண்டு, ஜூன் 9

சோஸ்னா கன்னியர் மடத்தில் வாழும் சகோதரி செராஃபிமாவுக்கு, லூகோவ் அரசர் க்ளெப்பின் தங்கை உஸ்தீன்யா வணங்கி எழுதுவது.

மேலே உள்ள வரி அண்ணனின் எழுத்தர் சொல்லிக்கொடுத்தது. இனி நானாக எழுதுகிறேன். பதினாறு வருடம் அண்ணி என்று கூப்பிட்ட வாய்க்குச் சகோதரி என்று சட்டென வரமாட்டேன் என்கிறது.

நலமாக இருக்கிறீர்களா? உங்களுக்குப் பிடித்த தேன் ரொட்டி ஒரு கூடையும், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் மீன் வண்டி ஃபெக்லாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். காலுறையில் மீன் வாடை அடித்தால் அவளைத் திட்டுங்கள், என்னை அல்ல. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை.

அண்ணன் உங்களிடம் ஒரு சிறிய உதவி கேட்கிறார். பனித்திரு நாளுக்கு, அதாவது அக்டோபர் முதல் தேதி, நெஜ்தான் பிரபுவின் மகள் ஒலேனாவை அவர் கைப்பிடிக்கப் போகிறார். இது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். ஆனால் திருச்சபை ஆயர் சட்டம் பேசுகிறார். முதல் மனைவி தன் விருப்பத்தோடுதான் துறவறம் பூண்டாள் என்று தெரியாமல் இரண்டாவது கல்யாணத்துக்கு ஆசி தரமாட்டாராம். ஆகவே, "என் மனம் விரும்பியே துறவியானேன்" என்று உங்கள் கையால் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.

ஒரே வரிதான் அண்ணி. நீங்கள் ஊருக்கே ஆணை எழுதிய ஆள்.

உஸ்தீன்யா


சோஸ்னா மடம்,
ஜூன் 17

உஸ்தீன்யா,

உன் கடிதம் மூன்று நாள் வாசல்காரியின் மேசையிலேயே கிடந்தது. "இது உங்களுக்குத்தானே?" என்று தினமும் கேட்டாள். "மேல யார் பேரு எழுதியிருக்கோ அவங்ககிட்ட குடு" என்று நானும் தினமும் சொன்னேன். நீங்கள் வைத்த துறவிப் பெயரில், செராஃபிமா என்று, இங்கே யாரும் இல்லை. நான்காம் நாள், கூடையை எலி மோப்பம் பிடித்துவிட்டது என்று அவள் அழாத குறையாகச் சொன்னதால் வாங்கிக்கொண்டேன். தேன் ரொட்டி நன்றாக இருந்தது. காலுறையைச் சமையற்கட்டுக் கிழவிக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குக் குளிரவில்லை, கோபம் சூடாக வைத்திருக்கிறது.

அந்த வரியை எழுதமாட்டேன்.

மார்ச் மாதம் இந்த மடத்துக் கோவிலில் நடந்ததை நீ மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். துறவியாகப் போகிறவள் முன்னால் பாதிரியார் கத்தரிக்கோலைக் கீழே போடுவார். அவள் தானே குனிந்து எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். மூன்று முறை போடுவார், மூன்று முறையும் அவளே கொடுக்க வேண்டும். நடுவில் மனம் மாறினால் வீட்டுக்குப் போகலாம் என்பதற்காகவே நம் முன்னோர் வைத்த வழக்கம் அது. அதற்குப் பிறகுதான் முடியில் கத்தரி படலாம்.

மூன்று முறை அது கல்தரையில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் ஒருமுறைகூடக் குனியவில்லை. என் முடியில் நாலு கொத்து வெட்டினார்கள், உண்மைதான். ஆடு மேய்ப்பவன்கூட ஆட்டைக் கேட்காமல்தான் ரோமம் வெட்டுகிறான். அதனால் ஆடு துறவியாகிவிடுமா?

கல்யாணமான பெண்ணுக்குரிய இரட்டைப் பின்னலைத்தான் இன்றும் போட்டிருக்கிறேன், மேலே தலைக்கட்டும் கட்டியிருக்கிறேன். கறுப்பு உடையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்கிறேன்.

அடுத்த கடிதத்தில் என் பெயரை எழுது.

க்ளெப் அரசரின் மனைவி, அக்ராஃபேனா


லூகோவ்,
ஜூலை 2

அண்ணி,

செராஃபிமாவை விட்டுவிட்டு அண்ணி என்று எழுதியதற்கே எழுத்தர் என்னை முறைத்தார். இதோடு திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை அண்ணன் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனார். பிறகு கத்தினார். "துறவி மடத்துல இருக்காளா, தர்பார் நடத்துறாளா?" என்றார். கேட்கமாட்டாரா? குயவர் தெருப் பெண்கள் வழக்கு என்றால் மடத்து வாசலுக்கு ஓடுகிறார்களாம். வேலித் தகராறு, சீதனத் தகராறு எல்லாவற்றுக்கும் அங்கே தீர்ப்பாம். "அரசி சொல்லிட்டாங்க" என்று இங்கே வந்து அண்ணனின் அதிகாரியிடமே சொல்கிறார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

போன ஞாயிறு நடந்ததுதான் உச்சம். பெரிய கோவில் பீடத்துக்கு மடத்திலிருந்து ஒரு தையல் விரிப்பு வந்தது. எல்லோரும் அழகு, அழகு என்று கிட்டே போய்ப் பார்த்தால் ஓரம் முழுக்கப் பொன்னூலில், "க்ளெப் அரசரின் மனைவி அக்ராஃபேனா இதைத் தைத்தாள்" என்று இருக்கிறது! ஒலேனாவும் அவள் அம்மாவும் முன்வரிசையில் நிற்கிறார்கள். எனக்குத் தரை பிளக்காதா என்று இருந்தது. விரிப்பை எடுக்கவும் முடியாது, பாதிரியார் மந்திரித்துவிட்டார்.

நானும் ஒன்று கேட்கிறேன். பதினாறு வருடம் ஆயிற்று. வாரிசு இல்லாமல் அண்ணன் கண்ணை மூடினால் மறுநாளே மாஸ்கோ பெரிய அரசர் லூகோவை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார். இது உங்களுக்குத் தெரியாதா? உங்கள் ரோஷம் பெரிதா, ஊர் பெரிதா? நான் விதவையாகித் திரும்பி வந்த அன்று வீட்டுச் சாவிக்கொத்து உங்கள் இடுப்பில் இருந்தது. பிறந்த வீட்டிலேயே சர்க்கரைக்குக்கூட உங்களைக் கேட்டு நின்றேன். ஒருநாளாவது முகம் சுளித்தேனா? விட்டுக்கொடுப்பது எப்படி என்று என்னைப் பார்த்தாவது கற்றிருக்கலாம்.

உஸ்தீன்யா


சோஸ்னா மடம்,
ஜூலை 11

உஸ்தீன்யா,

தினமும் முகம் சுளித்தாய். சர்க்கரையை நான் பூட்டிவைத்ததற்குக் காரணம் நீயும் உன் பூனைகளும். அது கிடக்கட்டும்.

விரிப்பு நான் தைத்ததுதான். பொன்னூல் என் கல்யாண உடையிலிருந்து பிரித்தது. முன்வரிசையில் நின்றவர்களுக்குப் படிக்கத் தெரிந்ததில் மகிழ்ச்சி.

ஊர் பெரிதா என்று என்னைக் கேட்கிறாயே, உனக்கு நாக்கு கூசவில்லையா? க்ளெப் எதிரியிடம் சிறைப்பட்டு இரண்டு குளிர்காலம் திரும்பாமல் இருந்தபோது ஊர் யார் கையில் இருந்தது? நெஜ்தான் பிரபு அன்று காட்டு வீட்டில் காய்ச்சல் என்று படுத்திருந்தார். எதிரி ஏணியோடு வந்த அன்று குயவர் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு விடிய விடிய மதில்மேல் தண்ணீர் ஊற்றினேன். காலையில் மதில் முழுக்கப் பனிக்கட்டி. சாய்த்த ஏணியெல்லாம் வழுக்கி விழுந்தது. நீயும் வாளி தூக்கினாய், விரல் மரத்து அழுதாய், நான் என் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டேன். க்ளெப்பை மீட்கத் தலைக்கட்டு முத்தை ஒவ்வொன்றாகப் பிரித்தவளும் நான். எழுத்தர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று எழுதப் படிக்கக் கற்றேன், உனக்கும் கற்றுக்கொடுத்தேன். அந்த எழுத்தில்தான் இப்போது என்னைச் செராஃபிமா என்று எழுதினாய்.

அந்தப் பெண்கள் இன்று என்னிடம் வருகிறார்கள் என்றால் அது நான் கூப்பிட்டு அல்ல.

பிள்ளையைப் பற்றிக் கேட்டாய். எத்தனை கிணற்றில் முழுகினேன், எத்தனை புனிதர் கல்லறையில் மண்டியிட்டேன் என்று உனக்குத் தெரியும், துணைக்கு வந்தவள் நீ. க்ளெப் ஒரு கிணற்றிலாவது முழுகினாரா? அவரை யாராவது கேட்டார்களா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் கேட்கும் கேள்விக்கு நீ பதில் எழுது. அன்று கோவிலில் ஐந்து பேர் இருந்தோம். முதல் முறையும் மூன்றாம் முறையும் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தது நெஜ்தான் பிரபு. அவரை எதிர்பார்த்தேன், மகளுக்கு மணவாளன் தேடிய மனிதர். இரண்டாம் முறை எடுத்தது யார்? எடுத்து என் உள்ளங்கையில் திணித்து, விரலை மடக்கி, என் கையையே தள்ளிக்கொண்டுபோய்ப் பாதிரியாரிடம் கொடுத்தது யார்?

அக்ராஃபேனா


லூகோவ்,
ஆகஸ்ட் 6, ஆப்பிள் மந்திரிக்கும் நாள்

அண்ணி,

நான்தான்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு சொல்லை எழுத மூன்று வாரம் ஆயிற்று. நாலு தாளைக் கிழித்தேன்.

அதற்கு முந்தின நாள் அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார்: "காரியம் நடக்கலன்னா உன்னையும் அங்கேயே விட்டுட்டு வரச் சொல்லிடுவேன். விதவைக்கு மடம்தான் இடம்னு ஊரே சொல்லுது." எனக்கு மடம் என்றாலே நடுக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கறுப்பு ரொட்டி, அந்தக் குளிர், பூனைகூட வைத்துக்கொள்ள முடியாத வாழ்க்கை. உங்கள் கை அப்போது சில்லென்று இருந்தது. விரலை மடக்கும்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை மறக்கத்தான் நான் அவ்வளவு கோபமாகக் கடிதம் எழுதினேன் போலிருக்கிறது.

இப்போது பள்ளம் இன்னும் ஆழமாகிவிட்டது. சடங்கு செய்த பாதிரியார் ஈஸ்டர் முடிந்ததும் இறந்துபோனார். நெஜ்தான் பிரபு பெண்ணின் அப்பா, அவர் சாட்சி செல்லாது என்று ஆயர் சொல்லிவிட்டார். உங்கள் மடத்தலைவி மக்ரீனா அன்னை, "நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தேன், எதையும் பாக்கல" என்று சாதித்துவிட்டார். மிச்சம் நான். "அவ ஒரு வரி எழுதணும். இல்ல, நீ சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் பண்ணணும். ரெண்டுல ஒண்ணு" என்கிறார் அண்ணன்.

சிலுவையை முத்தமிட்டுப் பொய் சொன்னவள் கதி என்ன என்று நான் சொல்ல வேண்டாம். அண்ணி, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நீங்கள் எழுதினால் என் ஆன்மா பிழைக்கும். அண்ணனும் சும்மா கேட்கவில்லை. ஆற்றங்கரைக் கிராமத்தை மாவு அரைக்கும் ஆலையோடு உங்கள் பெயருக்குத் தருகிறாராம். தனி வீடு, தனி அடுப்பு. பேருக்குத்தான் துறவி, மடத்தில் இருக்க வேண்டாம். சம்மதம் என்று சொல்லுங்கள்.

மந்திரித்த ஆப்பிள் அனுப்பியிருக்கிறேன். முதல் பறிப்பு.

உஸ்தீன்யா


சோஸ்னா மடம்,
ஆகஸ்ட் 14

உஸ்தீன்யா,

உன் கடிதம் வந்த அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. யார் என்று தெரிந்துதான் கேட்டேன். ஆனாலும் உன் எழுத்தில் பார்த்தபோது அழுதேன். நான் கல் இல்லை.

அந்தக் கிராமத்தை எனக்குத் தெரியும். மாவு ஆலைக்குப் பக்கத்தில் இரண்டு வில்லோ மரம், தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இரண்டு நாள் அந்த வீட்டில் மனசாலேயே குடியிருந்தேன். எங்கே அடுப்பு வைக்கலாம், எந்த ஜன்னலில் உட்கார்ந்து தைக்கலாம் என்றுகூட யோசித்தேன். மூன்றாம் நாள், அங்கே யாராவது வந்து "யார் வீடு இது?" என்று கேட்டால் என்ன பெயர் சொல்வது என்று யோசித்தேன். செராஃபிமா வீடு என்று சொல்ல வேண்டும். அதோடு அந்த வீடு இடிந்துவிட்டது.

எழுதமாட்டேன். நீ மடக்கிய விரலால் நீ சொல்வதை எழுதச் சொல்கிறாய். ஒருமுறை என் கையை நீ தள்ளிக்கொண்டு போனது போதும்.

சத்தியம் செய்வதும் செய்யாததும் உன் பாடு. உன் பயத்துக்கு நான் பரிதாபப்படுகிறேன், பொறுப்பாக முடியாது. குட்டக் குட்டக் குனிபவளாகவே எவ்வளவு நாள் இருப்பாய்? அதிலும் முழங்கால் வலியோடு.

ஆப்பிள் இனிப்பாக இருந்தது. மக்ரீனா அன்னை இரண்டு தின்றார், கண்ணைத் திறந்துகொண்டே.

அக்ராஃபேனா


லூகோவ்,
7011ஆம் ஆண்டு, செப்டம்பர் 20

அண்ணி,

செப்டம்பர் முதல் தேதி புது ஆண்டு பிறந்து இருபது நாள் ஆகிறது, ஒரு நல்ல தூக்கம் தூங்கவில்லை. கல்யாணத்துக்கு மாவு அரைத்தாகிவிட்டது, காளான் ஊறவைத்தாகிவிட்டது. மணப்பெண்ணின் ஒற்றைப் பின்னலை அவிழ்த்து இரட்டைப் பின்னல் போடும் வேலையும் என் தலையில்தான். பதினாறு வருடத்துக்கு முன்னால் உங்களுக்குப் போட்டதும் நான்தானே.

நேற்று ஒலேனா தனியாக வந்தாள். பதினேழு வயது, முகத்தில் இன்னும் பால் மணம் மாறவில்லை. அவளை வெறுத்துவிடலாம் என்று எவ்வளவோ முயன்றேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, அவங்களா குனிஞ்சு எடுத்தாங்களா?"

"உங்கப்பாவைக் கேளு."

"கேட்டேன். கன்னத்துல ஒண்ணு வச்சாரு. நெஜமா இருந்தா எதுக்கு அடிக்கணும்?"

நான் மாவைப் பிசைகிற மாதிரி நடித்தேன். அந்தப் பெண் விடவில்லை.

"எனக்கும் பிள்ளை பொறக்கலன்னு வைங்க. அன்னைக்கு எனக்காக யாரு குனிவாங்க அக்கா? நீங்களா?"

வெளியே போகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பிசைந்த மாவில் உப்புப் போட்டேனா இல்லையா என்றே தெரியவில்லை. ரொட்டி வாயில் வைக்க முடியவில்லை.

பனித்திரு நாளுக்கு முந்தின நாள் ஆயர் சிலுவையோடு வருகிறார். நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான் முத்தமிட்டுவிட்டால் அதற்குப் பிறகு எனக்குக் கடிதம் எழுதுவீர்களா?

உஸ்தீன்யா


சோஸ்னா மடம்,
செப்டம்பர் 25

உஸ்தீன்யா,

எழுதமாட்டேன்.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. எழுதுவேன் என்று உன்னிடம் பொய் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்தப் பெண் ஒலேனாவுக்குப் பின்னல் போடும்போது இறுக்கிப் போடாதே. எனக்கு இறுக்கிவிட்டாய், மூன்று நாள் தலை வலித்தது.

அக்ராஃபேனா


லூகோவ்,
அக்டோபர் 1, பனித்திரு நாள்

அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன். ஃபெக்லா வண்டி கிளம்பப்போகிறது, வாசலில் கத்திக்கொண்டிருக்கிறாள்.

நேற்று ஆயர் வந்தார். பெரிய கோவிலில், உங்கள் விரிப்புப் போட்ட பீடத்துக்கு முன்னாலேயே என்னை நிற்கவைத்தார்கள். ஒரு பக்கம் அண்ணன், இன்னொரு பக்கம் நெஜ்தான் பிரபு, பின்னால் பாதி ஊர். ஆயர் சிலுவையை என் உதட்டருகே நீட்டினார். "அக்ராஃபேனா அரசி மூணு தடவையும் தானா கத்தரிக்கோலை எடுத்துக் குடுத்தாங்களா? சிலுவையை முத்தமிட்டுச் சொல்லும்மா" என்றார்.

முத்தமிட்டேன் அண்ணி. முத்தமிட்டுவிட்டுச் சொன்னேன். "ஒரு தடவகூட அவங்க குனியல சாமி. மொதல் தடவையும் மூணாவது தடவையும் எடுத்தது இதோ நிக்கிறாரே நெஜ்தான் பிரபு. ரெண்டாவது தடவ எடுத்தது நான். அவங்க விரலை மடக்குனது இந்தக் கைதான்." சொன்னது கோவில் முழுக்கக் கேட்டது. குயவர் தெருப் பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ விம்மினார்கள். ஒலேனா தன் பின்னலைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயர் சிலுவையைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டார். "அவங்க துறவி இல்ல. அவங்க இருக்கிற வரைக்கும் இங்க இன்னொரு கல்யாணமும் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். மடத்துக்கும் ஓலை எழுதியிருக்கிறார், உங்களுக்கு வாசல் திறக்கச் சொல்லி. நெஜ்தான் பிரபு வண்டியைப் பூட்டச் சொல்லி மகளை இழுத்துக்கொண்டு போனார். ஊறவைத்த காளான் எல்லாம் வீண்.

அண்ணன் என்னிடம் கத்தக்கூட இல்லை. "சாமானைக் கட்டு. அண்ணிக்காரிகிட்டயே போ" என்றார். நாளை மறுநாள் என்னை அங்கே கொண்டுவருகிறார்கள். எனக்கும் புதுப் பாதிரியாரும் கத்தரிக்கோலும் தயாராம். விதவைக்காக ஆயர் வரமாட்டார், யாரும் கேட்கமாட்டார்கள் என்று அண்ணன் நினைக்கிறார்.

வெள்ளம் தலைக்கு மேலே போய்விட்டது, இனிச் சாண் என்ன முழம் என்ன. ஆனாலும் பயமாக இருக்கிறது. பூனைகளைச் சமையற்காரியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

அண்ணி, எடுக்காமல் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுங்கள். எனக்குக் குனிந்துதான் பழக்கம்.

உஸ்தீன்யா


சோஸ்னா மடம்,
அக்டோபர் 2

என் உஸ்தீன்யாவுக்கு,

இந்தத் தாளை வழியில் உன்னைப் பார்த்ததும் கையில் கொடுக்கச் சொல்லி ஃபெக்லாவை அனுப்புகிறேன். வண்டியிலேயே படித்துவிடு.

ஆயரின் ஓலை இன்று காலை வந்தது. மக்ரீனா அன்னை வாயிற்கதவைத் தன் கையாலேயே திறந்துவைத்தார். குயவர் தெருப் பெண்கள் வண்டியோடு வெளியே காத்திருக்கிறார்கள், என்னை லூகோவுக்குக் கூட்டிப்போக. க்ளெப்பிடம் நான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் நாளை வரை நான் நகரப்போவதில்லை, அவர்களையும் உள்ளே வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

சொல்லிக்கொடுக்கக் கேட்டாயே. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள். தரையைப் பார்க்காதே. கத்தரிக்கோல் விழும்போது சத்தம் பலமாகக் கேட்கும், முதல் முறை உடம்பே தூக்கிப்போடும். விழட்டும். இரண்டாம் முறை கொஞ்சம் பழகிவிடும். மூன்றாம் முறை நீயே எண்ணிக்கொண்டிருப்பாய்.

யாராவது உனக்காகக் குனிவார்களோ என்று பயப்படாதே. அன்று நீ நின்றாயே, எனக்கு வலது பக்கம், தூணை ஒட்டி, அந்த இடத்தில் நாளை நான் நிற்பேன். எவன் குனிகிறான் என்று பார்க்கிறேன்.

உன் அண்ணி,
அக்ராஃபேனா